தாத்தாரியனும் துருக்கியனும்: மனிதரைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களும் அவற்றின் ஹங்கேரிய இணைகளும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மனிதரின் இயல்பு, நிலை, குறைபாடு ஆகியவற்றைச் சுட்டும் ஆங்கில மரபுத்தொடர்களுக்கு ஹங்கேரிய மொழியில் இணையான தொடர்கள் பல உள்ளன. இருமொழி அகராதிகள் இவற்றைப் பொருள் ஒப்புமை கருதி அருகருகே நிறுத்துகின்றன. பொருளால் ஒத்த தொடர்கள் வரலாற்றாலும் ஒத்தவை அல்ல என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகின்றது. விவிலிய, இலத்தீன் பொது ஊற்றிலிருந்து வந்தவை, நிலமும் பிழைப்பும் ஈன்றவை, அண்டை மொழிகளோடு பகிரப்பட்டவை, எல்லைப்போரின் நினைவைச் சுமப்பவை, இலக்கியம் தந்தவை எனத் தொடர்களைப் பகுத்து இக்கட்டுரை ஆராய்கின்றது. ‘தாத்தாரியனைப் பிடித்தல்’ என்னும் ஆங்கிலத் தொடரும் ‘துருக்கியனைப் பிடித்தேன், விடமாட்டேன் என்கிறான்’ என்னும் ஹங்கேரியத் தொடரும் சிறப்பாக ஒப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், இணைத்தொடர், ஹங்கேரிய மொழி, உதுமானியர் ஆட்சி, எல்லைக்கோட்டை, எராஸ்மஸ், பழமொழித் தொகுப்பு.

முன்னுரை

ஒரு மொழியின் மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் சிதையும். ஆகவே அதே பொருளைத் தரும் வேறொரு தொடரை இலக்கு மொழியிலிருந்து எடுத்தாள வேண்டும் என்பது மொழிபெயர்ப்பியலின் பாலபாடம். இருமொழி மரபுத்தொடர் அகராதிகள் இந்நெறியை அடியொற்றியே தொகுக்கப்படுகின்றன. அவற்றின் இடப்பக்கத்தில் ஒரு தொடரும் வலப்பக்கத்தில் அதன் இணையும் நிற்கும். இடையில் எழுதப்படாத சமக்குறி ஒன்று இருப்பதாகப் படிப்பவர் கொள்வர்.

அந்தச் சமக்குறி எதைச் சமன்செய்கின்றது என்பதே இங்கு எழும் வினா. இவ்வினாவை ஆராய்வதற்கு ஆங்கிலமும் ஹங்கேரியமும் பொருத்தமான இணை. ஆங்கிலம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் செருமானியக் கிளையைச் சார்ந்தது. ஹங்கேரியம் யூராலியக் குடும்பத்தின் உக்ரியக் கிளையைச் சார்ந்தது. மரபுத்தொடர்களில் காணப்படும் ஒற்றுமைக்குப் பொதுவான மூதாதை மொழியைக் காரணமாகக் காட்ட இவ்விணையில் இடமில்லை. ஒற்றுமை இருப்பின், அது சமயத்தாலும் கல்வியாலும் போராலும் வணிகத்தாலும் வந்து சேர்ந்ததாகவோ, ஒத்த வாழ்வு ஒத்த எண்ணத்தைத் தோற்றுவித்ததாகவோ இருத்தல் வேண்டும். இரண்டுமே வரலாற்றின் ஆய்வுப்பொருள்கள்.

1. இணைத்தொடர் தேடும் மரபு

ஒரு மொழியின் பழமொழிக்கு மற்றொரு மொழியில் இணை தேடும் வழக்கம் தற்கால அகராதியியலுக்கு முற்பட்டது. எராஸ்மஸ் கிரேக்க, இலத்தீன் முதுமொழிகளைத் திரட்டி 1500இல் பாரிசில் வெளியிட்ட நூல், 1508இல் வெனிசில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதுமொழிகளோடு பெருகியது. 1536இல் நாலாயிரத்தையும் கடந்தது. இந்நூல் ஐரோப்பியப் பள்ளிகளில் இலத்தீன் பயில்வோரின் கைந்நூலாயிற்று. ரிச்சர்டு டாவர்னர் 1539இல் அதன் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் தந்தார். ஜான் ஹேவுட் 1546இல் ஆங்கிலப் பழமொழிகளை உரையாடல் வடிவில் கோத்து வெளியிட்டார்.

ஹங்கேரிய மொழியில் இப்பணியை மேற்கொண்டவர் பரன்யாய் தெச்சி யானோஷ். இன்று சுலோவாக்கியாவில் உள்ள பார்த்ஃபா நகரில் 1598இல் அச்சான அவரது தொகுப்பின் தலைப்பே ஐயாயிரம் முதுமொழிகளைக் குறிப்பிடுகின்றது. எராஸ்மஸ் திரட்டியவற்றுக்கு நேராக ஹங்கேரியத் தொடர்களை அவர் அமைத்தார். ஹங்கேரியப் பழமொழிகளின் முதற்பெருந்தொகுப்பு இவ்வாறு இணைத்தொடர்களின் தொகுப்பாகவே பிறந்தது குறிப்பிடத்தக்கது. மக்கள் வாய்மொழி தன் சொந்த ஒழுங்கில் அன்றி, இலத்தீன் முதுமொழியின் நிழலில் முதன்முதலாக ஏட்டில் ஏறியது. ஹங்கேரியில் இலத்தீன் 1844 வரை அரசு அலுவல் மொழியாக நீடித்ததை நோக்க, இந்நிழல் எவ்வளவு நீண்டது என்பது புலனாகும்.

2. பொது ஊற்று: விவிலியமும் இலத்தீனும்

இரு மொழிகளுக்கும் ஏறத்தாழ ஒரே உருவில் உள்ள தொடர்களில் பெரும்பாலானவை இப்பொது ஊற்றிலிருந்து வந்தவை. நயவஞ்சகனை ஆங்கிலம் ‘ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்’ என்னும். ஹங்கேரியம் ‘ஆட்டுக்குட்டித் தோலுக்குள் நுழைந்த ஓநாய்’ என்னும். இரண்டும் மத்தேயு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தைச் சார்ந்தவை. முன்பின் அறியாதவர்க்கு உதவுபவரை இரு மொழியினரும் சமாரியர் என்றே அழைப்பர்.

எளிதில் நம்பாதவரைக் குறிக்க இரு மொழிகளும் திருத்தூதர் தோமாவின் பெயரை ஆள்கின்றன. ஆங்கிலத்தில் அவர் ‘ஐயுறும் தோமா’. ஹங்கேரியத்தில் ‘நம்பிக்கையற்ற தோமா’. எனினும் ஹங்கேரியம் ஒரு படி மேலே சென்று, ஒருவர் தம் ஐயத்தைத் தெரிவிக்கும்போது ‘அதில் நான் தோமா’ என்று சொல்ல இடம் தருகின்றது. ஆங்கிலத்தில் தோமா பிறர்மீது சாட்டப்படும் பெயர். ஹங்கேரியத்தில் ஒருவர் தாமே ஏற்கும் நிலையுமாகும். ஊற்று ஒன்றாயினும் வாய்க்கால்கள் வேறு.

பிறர் குற்றத்தைச் சுமப்பவரைக் குறிக்கும் சொல்லும் இத்தகையதே. லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தில் மக்களின் பாவத்தைச் சுமந்து பாலைநிலத்துக்கு அனுப்பப்படும் ஆட்டுக்கு வில்லியம் டின்டேல் 1530இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் ‘தப்பிச்செல்லும் ஆடு’ என்னும் பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லை ஆக்கினார். ஹங்கேரியச் சொல்லின் நேர்ப்பொருள் ‘பாவக்கடா’. ஆங்கிலம் ஆட்டின் போக்கை நோக்கியது. ஹங்கேரியம் அதன் சுமையை நோக்கியது. தமிழில் வழங்கும் ‘பலிகடா’ வெட்டப்படும் ஆட்டைக் குறிப்பது. விவிலியத் தமிழின் ‘போக்காடு’ என்னும் சொல்லே டின்டேலின் ஆக்கத்துக்கு அணுக்கமானது. ஒரே மூலமும் மொழிபெயர்ப்பாளரின் தெரிவால் கிளைபிரியும் என்பதற்கு இது சான்று. ஹங்கேரியத்தில் முழு விவிலியம் முதன்முதலில் காரொலி காஷ்பாரின் முயற்சியால் 1590இல் விஜோய் என்னும் சிற்றூரில் அச்சாயிற்று. ஆங்கிலேயர்க்கு 1611ஆம் ஆண்டின் அரசாணைப் பதிப்பு எத்தகையதோ, ஹங்கேரியச் சீர்திருத்தச் சபையினர்க்கு இது அத்தகையது.

எராஸ்மஸ் பதிவுசெய்த ‘எத்தியோப்பியனைக் கழுவுதல்’ என்னும் முதுமொழி, திருத்தவியலாதவரைத் திருத்த முயல்வதைக் குறித்தது. பழைய ஆங்கில எழுத்துகளில் இது வழங்கியது, இன்று வழக்கொழிந்துவிட்டது. ஹங்கேரியத்திலோ கறுப்பினத்தவரைக் கழுவுதல் என்னும் நேர்ப்பொருளுடைய கூட்டுச்சொல், குற்றவாளியைக் குற்றமற்றவராகக் காட்ட முனைதல் என்னும் பொருளில் அகராதிகளில் நிலைத்துள்ளது. ஆங்கிலத்தில் இப்பொருளுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தலே உவமையாகும். நிறம் பற்றிய பழைய மனப்பாங்கு ஒரு மொழியில் மறைந்து மற்றொன்றில் உறைந்து நிற்பதை இவ்விணை காட்டுகின்றது.

3. நிலமும் பிழைப்பும்

பொது ஊற்றிலிருந்து விலகியவுடன் இரு நாடுகளின் நிலவியலும் தொழிலும் தொடர்களில் தெளிவாகத் தோன்றுகின்றன. உடல்நலம் மிக்கவரை ஆங்கிலேயர் பிடில் வாத்தியத்துக்கு ஒப்பிடுவர். ஹங்கேரியர் ஓக் மரக்கொட்டைக்கு ஒப்பிடுவர். 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அத்தொடரின் முதற்சொல் ‘தக்க நிலையில் இருத்தல்’ என்றே பொருள்பட்டது. உடல்நலம் என்னும் பொருள் பின்னர் ஏறியது. ஹங்கேரியத் தொடரில் உள்ள கொட்டை, புழு அரிக்காத முழுமையின் சின்னம். ஓக் காடுகளில் பன்றிகளை மேயவிட்டு அக்கொட்டைகளால் கொழுக்க வைப்பது ஹங்கேரியச் சிற்றூர்களின் பழைய வளர்ப்புமுறை. பசித்த பன்றி ஓக் கொட்டையைக் கனவு காணும் என்னும் பழமொழியும் அவ்வாழ்விலிருந்து வந்ததே.

பிறவிக்குணம் மாறாது என்பதைக் குறிக்க ஆங்கிலம் சிறுத்தை தன் புள்ளிகளை மாற்றாது என்கின்றது. இது எரேமியா நூலின் 13:23ஆம் வசனத்திலிருந்து வந்தது. சிறுத்தை வாழாத தீவில் ஏட்டின் வழியாகப் புகுந்த விலங்கு அது. ஹங்கேரியர்க்கும் அதே வசனம் விவிலியத்தில் கிடைத்தது. எனினும் அவர்களின் நாவில் நிலைத்தது ‘நாயிலிருந்து பன்றிக்கொழுப்பு கிடைக்காது’ என்னும் தொடராகும். குளிர்காலத்தில் பன்றியை அறுத்து, அதன் கொழுப்பை உப்பிட்டுப் புகையிட்டு ஆண்டு முழுவதும் காக்கும் குடும்பத்தின் சமையலறையில் பிறந்த தீர்ப்பு அது.

மிகுதியாகக் குடிப்பவரை ஆங்கிலம் மீனுக்கு ஒப்பிடும். ஹங்கேரியம் கூழைக்கடாவுக்கு ஒப்பிடும். இன்றைய ஹங்கேரியில் கூழைக்கடா அரிதாகக் காணப்படும் பறவை. முன்னர் திஸா ஆற்றங்கரையிலும் பிற தாழ்நிலங்களிலும் பரந்து கிடந்த சதுப்புகளில் அது வாழ்ந்தது. செய்சேன்யி இஷ்த்வானின் முயற்சியாலும் பொறியாளர் வாஷார்ஹெயி பாலின் திட்டத்தாலும் 1846இல் தொடங்கிய திஸா ஆற்றுச் சீரமைப்பு, ஆற்றின் வளைவுகளை வெட்டி அதன் நீளத்தை 400 கிலோமீட்டருக்கும் மேல் குறைத்தது, சதுப்புகள் விளைநிலமாயின. பறவை நீங்கிய பின்னும் அதன் பெயர் குடிகாரரைக் குறிக்க எஞ்சியது. இங்கு மரபுத்தொடர், அழிந்த ஒரு நிலத்தோற்றத்தின் பதிவாகின்றது.

செல்வாக்குடையவரைக் குறிக்கும் தொடர்களில் வகுப்பு வேறுபாடு வெளிப்படுகின்றது. ஆங்கிலத்தில் அத்தகையவர் ‘பெரும் பொய்முடி’. 18ஆம் நூற்றாண்டில் நீதிபதிகளும் உயர்நிலையினரும் அணிந்த பெரிய பொய்முடியைக் கொண்டு மக்கள் இட்ட ஏளனப் பெயர் அது. ஹங்கேரியத்தில் அவர் ‘பெரிய நாய்’. ஆங்கிலம் உடையைக் கண்டு நகைக்கின்றது. ஹங்கேரியம் முற்றத்தில் பிறரைக் குரைத்து அடக்கும் விலங்கைக் கண்டு ஒதுங்குகின்றது.

4. அண்டை மொழிகளின் சாட்சி

நாட்டின் வரலாற்றைத் தொடரிலிருந்து நேரே படித்துவிடலாம் என்னும் நம்பிக்கைக்கு ஒரு தடை தேவை. அத்தடையை அண்டை மொழிகளே அளிக்கின்றன. மிகுதியாகப் புகைப்பவரை ஆங்கிலேயர் புகைபோக்கிக்கு ஒப்பிடுவர். ஹங்கேரியர் துருக்கியருக்கு ஒப்பிடுவர். ஹங்கேரிய மொழியில் புகையிலையைக் குறிக்கும் சொல்லும் உதுமானிய ஆட்சிப் பரப்பிலிருந்து தென்சுலாவிய மொழிகளின் வழியாக வந்ததே. ஆகவே இத்தொடர் உதுமானிய ஆட்சிக்காலத்தின் நேரடி நினைவு என முடிவுசெய்யத் தோன்றும். ஆனால் பிரெஞ்சு மொழியிலும் இத்தாலிய மொழியிலும் இதே உவமை உண்டு. பிரான்சு ஒருபோதும் உதுமானியர் ஆட்சிக்கு உட்பட்டதில்லை. எனவே இத்தொடர் ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான ஒரு பிம்பத்தின் பகுதியே அன்றி, ஹங்கேரியர்க்கே உரிய நினைவன்று.

ஹங்கேரியர் குடிகாரரைத் ‘தூரிகை கட்டுபவர்’ என்றும் உவமிப்பர். ஜெர்மன் மொழியிலும் இதே உவமை வழங்குகின்றது. ஹங்கேரிய நகரங்களில் ஜெர்மன் மொழி பேசும் கைவினைஞர் நெடுங்காலம் வாழ்ந்தமையும், ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் ஜெர்மன் மொழி பெற்ற செல்வாக்கும் இப்பகிர்வுக்குப் பின்புலமாகும். ஏழையைத் ‘தேவாலயத்து எலி’ என்பது ஆங்கிலம், ஹங்கேரியம், ஜெர்மன் ஆகிய மூன்றிலும் உண்டு. தானியக் களஞ்சியமோ சமையலறையோ இல்லாத கட்டடத்தில் எலிக்கு என்ன கிடைக்கும் என்னும் எண்ணம் கிறித்தவ ஐரோப்பா முழுவதற்கும் பொருந்தியது.

இச்சான்றுகள் ஒரு நெறியை வகுத்துத் தருகின்றன. ஒரு தொடரைத் தனிநாட்டு வரலாற்றின் சான்றாகக் கொள்ளுமுன், அது அண்டை மொழிகளில் எவ்வுருவில் உள்ளது என நோக்க வேண்டும். பொதுவாக உள்ள பகுதியை நீக்கிய பின் எஞ்சும் வேறுபாடே வரலாற்றாசிரியருக்குரிய சான்று.

5. எல்லைப்போரும் பிடிபட்ட பகைவனும்

ஹங்கேரிய மரபுத்தொடர்களில் இரு பகைவர் திரும்பத் திரும்பத் தோன்றுவர். முதலாமவர் தாத்தாரியர். 1241 ஏப்ரல் 11இல் முஹி சமவெளியில் மங்கோலியப் படை நான்காம் பேலா மன்னரின் படையை முறியடித்தது; மன்னர் அட்ரியாட்டிக் கடற்கரை வரை தப்பியோடினார். 1242இல் படையெடுத்தோர் திரும்பிச் செல்லும் வரை நாடு சூறையாடப்பட்டது. பின்னாளில் உதுமானியப் படைகளோடு வந்த கிரிமியத் தாத்தாரியரும் ஊர்களை எரித்து மக்களைச் சிறைகொண்டு சென்றனர். அவர்களின் கடைசிப் பெரும்படையெடுப்பு 1717இல் நிகழ்ந்தது. வீண் பரபரப்புடன் விரைபவரை நோக்கி ‘உன்னைத் தாத்தாரியன் துரத்தவில்லை’ என்று இன்றும் ஹங்கேரியர் கூறுவர். அதே இடத்தில் ஆங்கிலேயர் ‘எங்கே தீப்பிடித்தது?’ என வினவுவர். அங்கே ஓட்டத்துக்குக் காரணம் தீ. இங்கே தீயை வைத்தவன்.

இரண்டாமவர் துருக்கியர். 1526 ஆகஸ்டு 29இல் மொஹாச் களத்தில் இரண்டாம் லயோஷ் மன்னர் உயிரிழந்தார். 1541இல் புடா நகர் உதுமானியர் வசமாயிற்று. நாடு ஹாப்ஸ்பர்க் அரசர் ஆண்ட மேற்குப் பகுதி, உதுமானியர் ஆண்ட நடுப்பகுதி, உதுமானியர் மேலாண்மையை ஏற்ற திரான்சில்வேனியா என மூன்றாகப் பிரிந்தது. புடா 1686இல் மீட்கப்பட்டது. 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கை ஏற்பட்டது. இழப்புக்கு வருந்துபவரைத் தேற்ற ஹங்கேரியர் ‘மொஹாச்சில் இதைவிட அதிகம் போயிற்று’ என்பர். ஆங்கிலேயர் ‘கடலில் இதைவிட மோசமானவை நடக்கும்’ என்பர். ஒரு தேற்றுரை பெயரும் நாளும் உடைய ஒரு போர்க்களத்தை அளவுகோலாகக் கொள்கின்றது; மற்றது பெயரற்ற கடல் விபத்துகளை அளவுகோலாகக் கொள்கின்றது.

இப்பின்புலத்திலேயே இக்கட்டுரையின் மைய இணை விளங்கும். எதிரியைப் பிடித்ததாக எண்ணித் தானே அவனிடம் சிக்கிக்கொள்பவரைக் குறிக்க ஆங்கிலத்தில் ‘தாத்தாரியனைப் பிடித்தல்’ என்னும் தொடர் உண்டு. சாமுவேல் பட்லர் 1663இல் வெளியிட்ட ‘ஹூடிபிராஸ்’ என்னும் அங்கதக் காவியத்திலேயே இக்கருத்து ஆளப்பட்டுள்ளது. பிரான்சிஸ் குரோஸ் 1785இல் வெளியிட்ட கொச்சைவழக்கு அகராதி இதற்கு ஒரு கதையைத் தருகின்றது. ஹாப்ஸ்பர்க் பேரரசரின் படையில் துருக்கியரை எதிர்த்துப் போரிட்ட அயர்லாந்து வீரன் ஒருவன், தான் ஒரு தாத்தாரியனைப் பிடித்துவிட்டதாகக் கூவினான். அவனைக் கொண்டுவரும்படி தோழன் சொல்ல, அவன் வர மறுப்பதாக விடையளித்தான். அப்படியாயின் நீயாவது வா என்றபோது, அவன் என்னை விடமாட்டேன் என்கிறான் என்றான்.

இதே பொருளில் ஹங்கேரியத்தில் வழங்கும் தொடர் ‘துருக்கியனைப் பிடித்தேன், விடமாட்டேன் என்கிறான்’ என்பதாகும். குரோஸ் சொல்லும் நீண்ட கதை இங்கு ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகின்றது. போலந்து மொழியிலும் இக்கரு உண்டு: கொசாக்கு வீரன் தாத்தாரியனைப் பிடிக்க, தாத்தாரியன் அவனது தலையைப் பற்றிக்கொள்கின்றான். இவற்றுக்கெல்லாம் முன்பே, ஓநாயைக் காதுகளால் பற்றியவன் விடவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் தவிப்பதாகத் தெரன்சு தம் இலத்தீன் நாடகத்தில் காட்டினார். எராஸ்மஸ் அதனையும் தொகுத்தார். தமிழில் புலிவாலைப் பிடித்தவனின் நிலையும் இதுவே. ஆகவே பிடித்தவன் பிடிபடும் முரண் எந்த ஒரு நாட்டுக்கும் உரியதன்று. நான்காம் பகுதியில் வகுத்த நெறிப்படி பொதுக்கூறான அம்முரணை நீக்கினால் எஞ்சும் வேறுபாடுகள் மூன்று.

முதலாவது, பகைவனின் பெயர். இலத்தீனிலும் தமிழிலும் விலங்கு நின்ற இடத்தில் ஐரோப்பாவின் கிழக்கெல்லை மொழிகள் மனிதனை நிறுத்தின. ஒவ்வொரு மொழியும் தன் எல்லையில் எதிர்ப்பட்டவனின் பெயரை இட்டது. ஆங்கிலேயர் தாத்தாரியரோடு போரிட்டவர் அல்லர். உதுமானியரை அவர்கள் அறிந்தது பெரும்பாலும் கடல்வழி வணிகத்தாலும் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையராலுமே. ஆங்கிலத்தில் தாத்தாரியன் என்பது கொடியவர், அடக்கவியலாதவர் என்னும் பொதுப்பெயராக மாறியதற்கு இத்தொலைவே இடமளித்தது. குரோஸின் கதையும் இங்கிலாந்தில் நிகழவில்லை. ஹாப்ஸ்பர்க் படை துருக்கியரோடு பொருத தன்யூப் எல்லையிலேயே நிகழ்கின்றது.

இரண்டாவது, நகைக்கப்படுபவன். ஆங்கிலக் கதையில் ஏமாறுபவன் அயர்லாந்துக்காரன். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் பலர் ஹாப்ஸ்பர்க் படையில் பணிபுரிந்தது வரலாற்று உண்மை. ஆனால் கதைக்கு அவனைத் தெரிந்தெடுத்தது ஆங்கிலேயர் தம் அண்டைத்தீவினரை அறிவிலிகளாகச் சித்திரித்த வழக்கமே. போலந்துத் தொடரில் ஏமாறுபவன் கொசாக்கு. ஹங்கேரியத் தொடரோ தன்மை ஒருமையில் அமைந்தது. ‘பிடித்தேன்’ என்பவன் தன்னையே நகைக்கின்றான்.

மூன்றாவது, ‘பிடித்தல்’ என்னும் வினையின் எடை. மூன்றாகப் பிரிந்த ஹங்கேரியில் இரு பேரரசுகளின் எல்லையில் கோட்டைகள் வரிசையாக அமைந்திருந்தன. அங்குப் பணியாற்றிய வீரர்க்கு ஊதியம் ஒழுங்காக வருவதில்லை. நிலுவை ஆண்டுக்கணக்கில் நீளும். இரு தரப்பினரும் மறுதரப்பினரைச் சிறைபிடித்து மீட்புத்தொகை பெறுவது எல்லை வாழ்வின் முறையான வருவாயாயிற்று. சிறைபிடிக்கப்பட்டவரின் தகுதிக்கேற்ப விலை பேசப்பட்டது. பணம் திரட்டிவரக் கைதிகளே பிணை வைத்து அனுப்பப்பட்டனர். இச்சூழலில் ஒரு கோட்டைவீரன் ‘துருக்கியனைப் பிடித்தேன்’ என்றால் அது வீரப்பேச்சு மட்டுமன்று. குடும்பத்துக்குச் சோறு கிடைத்தது என்னும் செய்தியுமாகும். அவ்வாக்கியத்தின் பின்பாதி அந்த எதிர்பார்ப்பைக் கவிழ்க்கின்றது. ஆங்கிலத் தொடரில் இழப்பு ஒரு வேடிக்கை. ஹங்கேரியத் தொடரில் அது பிழைப்பு தலைகீழாவது. பிடித்தவனே கைதியானால், இனி அவனுக்குத்தான் மீட்புத்தொகை தேட வேண்டும்.

6. இலக்கியம் ஈன்ற மனிதர்

மரபுத்தொடர்கள் யாவும் வாய்மொழியில் பிறந்தவை அல்ல. பெதோஃபி ஷாந்தோர் 1847இல் எழுதிய அங்கதக் கவிதையின் நாயகரான பதோ பால், எதையும் நாளைக்குத் தள்ளிப்போடும் நாட்டுப்புற நிலவுடைமையாளர். வீடு இடிந்து விழும் நிலையிலும் நிலம் தரிசாய்க் கிடக்கும் நிலையிலும் அவர் அசைவதில்லை. இன்று ஹங்கேரியத்தில் சோம்பித் தள்ளிப்போடுபவர் எவரும் பதோ பால்தான். ஏறத்தாழ அதே காலத்தில், 1849–50இல் தொடராக வெளிவந்த டிக்கன்சின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவல் மிக்காபரை ஆங்கிலத்துக்குத் தந்தது. நல்லது ஏதேனும் தானே வந்து சேரும் எனக் காத்திருக்கும் மனிதருக்கு அவர் பெயர் வழங்குகின்றது.

இருவரையும் செயலின்மை என்னும் ஒரே தலைப்பில் இணைக்கலாம். ஆயினும் பதோ பாலின் செயலின்மை, பண்ணையாட்களின் உழைப்பில் வாழ்ந்த சிறு பிரபு வகுப்பின் செயலின்மை. 1848ஆம் ஆண்டு ஏப்ரல் சட்டங்கள் பண்ணையடிமை முறையை நீக்கியதற்கு முந்தைய ஆண்டில் எழுந்த விமரிசனம் அது. மிக்காபரின் காத்திருப்போ நகரக் கடனாளியின் நம்பிக்கை. டிக்கன்சின் தந்தை 1824இல் கடனுக்காக மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டவர். ஒருவர் கண்டிக்கப்படுகின்றார், மற்றவர் இரக்கத்தோடு நகைக்கப்படுகின்றார். அகராதியில் அருகருகே நிற்கும் இவ்விருவரும் வெவ்வேறு சமூகங்களின் நெருக்கடியிலிருந்து வந்தவர்கள்.

7. தொகுத்தோரும் தொகுத்த காலமும்

தொடர் குறிக்கும் நிகழ்வின் காலம் வேறு. அது தொகுக்கப்பட்ட காலம் வேறு. துகோனிச் ஆந்த்ராஷின் பெருந்தொகுப்பு அவர் மறைவுக்குப் பின் 1820இல் செகெத் நகரில் வெளிவந்தது. எர்தேயி யானோஷின் பழமொழி நூல் 1851இல் பெஸ்டு நகரில் வெளிவந்தது. 1848–49ஆம் ஆண்டுகளின் விடுதலைப்போர் தோல்வியுற்று, வியன்னாவின் கடுமையான நேரடியாட்சி நிலவிய ஆண்டுகள் அவை. அரசியலில் குரலிழந்த சமூகத்தில் மக்கள் மொழியைத் திரட்டுவது தேசத்தின் இருப்பை நிறுவும் செயலாயிற்று. கிஷ்ஃபலூதி காரொய் 1824இல் மொஹாச்சைப் பற்றிக் கவிதை இயற்றினார். அப்போர்க்களம் தேசியத் துயரின் சின்னமாக ஓங்கிய காலமும் இதுவே. ஆகவே மொஹாச் பற்றிய தேற்றுரை 16ஆம் நூற்றாண்டின் குரலை மட்டுமன்றி, 19ஆம் நூற்றாண்டின் செவியையும் காட்டுகின்றது.

தொடரில் உறைந்த துருக்கியனும் வரலாற்றில் மாறிய துருக்கியரும் ஒருவரல்லர் என்பதற்கும் அக்காலமே சான்று. 1849இல் தோல்வியுற்ற கோஷூத் லாயோஷும் அவர் தோழர்களும் அடைக்கலம் புகுந்தது உதுமானியப் பேரரசில். சுல்தான் அவர்களை ஒப்படைக்க மறுத்தார். கோஷூத் 1851 வரை கூத்தாகியாவில் தங்கினார். புகலிடம் தந்த நாட்டின் மீது நன்றியுணர்வு பெருகிய பின்னும் ‘துருக்கியனைப் பிடித்தேன்’ என்னும் தொடர் மாறவில்லை. மரபுத்தொடரைக் கொண்டு ஓர் இனத்தார் மற்றோர் இனத்தார் மீது கொண்ட இன்றைய மனப்பாங்கை அளப்பது பிழையாகும் என்பது இதனால் தெளிவாகும்.

முடிவுரை

மனிதரைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர்களுக்கும் அவற்றின் ஹங்கேரிய இணைகளுக்கும் இடையிலான சமக்குறி, பயன்பாட்டை மட்டுமே சமன்செய்கின்றது. எந்தச் சூழலில் ஒன்றைச் சொல்வார்களோ, அந்தச் சூழலில் மற்றதைச் சொல்லலாம் என்பதற்கு மேல் அது உறுதியளிப்பதில்லை. பொது ஊற்றிலிருந்து வந்த தொடர்களிலும் மொழிபெயர்ப்பாளரின் தெரிவு வேறுபாட்டை உண்டாக்குகின்றது. நிலத்தில் பிறந்த தொடர்கள் மறைந்த சதுப்பையும் ஓக் காட்டையும் காத்துவைக்கின்றன. அண்டை மொழிகளோடு பகிரப்பட்டவை தனிநாட்டு நினைவெனத் தோற்றம் காட்டி ஆய்வாளரை ஏமாற்றவும் கூடும்.

உருவாலும் பொருளாலும் மிக நெருங்கிய இணையே வரலாற்றால் மிகவும் விலகி நிற்கின்றது என்பது இவ்வாய்வின் முடிபு. தாத்தாரியனைப் பிடித்த அயர்லாந்துக்காரனைக் கண்டு ஆங்கிலேயர் தொலைவிலிருந்து நகைத்தனர். துருக்கியனைப் பிடித்த ஹங்கேரியக் கோட்டைவீரன் தன் நிலையைத் தானே சொல்லி நகைத்தான். ஓர் ஆங்கிலப் புதினத்தின் தாத்தாரியன் ஹங்கேரிய மொழிபெயர்ப்பில் துருக்கியனாகும்போது ஒன்றரை நூற்றாண்டின் எல்லைவாழ்வு அதனுள் புகுகின்றது; எதிர்த்திசையில் பெயர்க்கும்போது அது வெளியேறுகின்றது. தமிழில் புலிவால் என்று பெயர்த்தால் மனிதன் விலங்காகி, அவ்வரலாறு முற்றிலும் மறையும். இத்தகைய பெயர்ப்பு பொருளளவில் குற்றமற்றது. ஆனால் வரலாற்று நூல்களையும் நினைவுக்குறிப்புகளையும் பெயர்ப்போர், தொடரின் பயனை மட்டும் பெயர்ப்பதா, அது சுமக்கும் நினைவையும் பெயர்ப்பதா என்பதைத் தொடர்தோறும் தீர்மானிக்க வேண்டியவர்களாகின்றனர். இணைத்தொடர் அகராதிகள் பயன்பாட்டுக் குறிப்போடு தொடரின் தோற்றச் சூழலையும் அண்டை மொழி வடிவங்களையும் ஒரு வரியிலேனும் தருமாயின், அத்தீர்மானம் அறிந்து எடுக்கும் தீர்மானமாக அமையும்.